கால்ல எடுத்த மெலனோமா குடலுக்கு போயிருக்குமோ: சிடி, பெட், எம்ஆர்ஐ, கேப்சூல், இதுல எதை முதல்ல எடுக்கறது?

தர்மபுரில ஒரு ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியனா இருக்கேன். கேன்சர் பேஷண்ட்டோட வர்றவங்க பாதிப்பேர் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "பெட் ஸ்கேன் எடுத்துட்டா எல்லாம் ஒரே தடவைல தெரிஞ்சிடும்ல, அப்புறம் எதுக்கு சிடி, எம்ஆர்ஐன்னு தனித்தனியா?" கேக்கறதுல நியாயம் இருக்கு, பெங்களூருக்கு ஒரு தடவை போய்ட்டு வர்றதே ஒரு நாள் கூலி, வண்டி வாடகை, கூட ஒரு ஆளு. ஆனா மெலனோமா, அதாவது தோல்ல வர்ற கருப்பு கேன்சர், வயிறு குடல் பக்கம் பரவியிருக்கான்னு பாக்கற விஷயத்துல ஒரே ஸ்கேன்ல முடிச்சிடலாம்னு நினைச்சா தப்பாயிடும். நான் சொல்ல வர்றத முதல்லயே சொல்லிடறேன், வயித்துல தொந்தரவு இருக்கறவங்களுக்கு முதல் படி நம்ம ஊர்லயே குடலுக்குன்னு தயார் பண்ணி எடுக்கற ஒரு நல்ல சிடி, பெட், அதாவது உடம்பு பூரா கேன்சர தேடற ஸ்கேன், அதுக்கு அடுத்தது. ஏன்னு கீழ சொல்றேன், உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா காரணம் கேட்டுட்டு அவர் சொல்றபடி போங்க, பேஷண்ட்ட நேர்ல பாக்கறவர் அவர்தான்.

யாருக்காக எழுதறேன்னா, உதாரணத்துக்கு பென்னாகரம் பக்கம் ஒரு அறுபது வயசு விவசாயி, மூணு நாலு வருஷம் முன்னாடி உள்ளங்கால்ல ஆறாத கருப்பு புண்ணு, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு, சதைய எடுத்து டெஸ்ட் பண்ற பயாப்சில மெலனோமான்னு வந்துச்சு, அப்புறம் நல்லாதான் இருந்தாரு. இப்ப கொஞ்ச நாளா களைப்பு, களி கூட முழுசா இறங்கல, சாப்பிட்டா வயிறு இழுத்து புடிக்குது, ஹீமோகுளோபின் 7, மலம் தார் மாதிரி கருப்பா போகுது. வெளுத்த தோல்காரங்களுக்கு வெயில்ல வர்ற மெலனோமா மாதிரி இல்லாம நம்ம ஆளுங்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடின்னு வெயில் படாத இடத்துலதான் பாதி வருது, அதனாலயே முள்ளு குத்தினது, செருப்பு கடிச்சதுன்னு ரொம்ப நாள் விட்டுடறாங்க. ஆசனவாய் உள்பக்கமும் வரும், அத மூலம்னு நினைச்சு களிம்பு போட்டுட்டு இருப்பாங்க.

குடலுக்கு ஏன் போகுதுன்னு கேட்டா, வெளில இருந்து குடலுக்கு பரவற கேன்சர்கள்ல மெலனோமா முன்வரிசைல இருக்கு. சிறுகுடல்தான் அதுக்கு ரொம்ப புடிச்ச இடம், அடுத்து பெருங்குடல், இரைப்பை. மெலனோமால இறந்தவங்கள பிரேதப் பரிசோதனை பண்ணின பழைய ஆய்வுகள்ல 60 சதவீதம் வரைக்கும் வயிறு குடல்ல பரவல் இருந்திருக்கு, ஆனா உயிரோட இருக்கறப்ப கண்டுபுடிக்கறது 5 சதவீதத்துக்கும் கீழ. இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய பாருங்க, அவ்ளோ பேருக்கு அது இருந்தும் யாரும் பாக்கல. தொந்தரவு எதுவும் பெரிசா இருக்காது, ரத்தசோகை, லேசா வயித்துவலி, எடை குறையறது, இதுக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரையும் கேஸ் மாத்திரையும் குடுத்து அனுப்பிடுவாங்க. முதல் கட்டி எடுத்து பத்து வருஷம் கழிச்சு கூட வரலாம், அதனால "அது எப்பவோ முடிஞ்சு போச்சே"ன்னு சொல்லி விட்டுடாதீங்க.

அல்ட்ராசவுண்ட பத்தி சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். ஆயிரம் ரூபா பக்கம்தான் ஆகும், ரேடியேஷன் கிடையாது, பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம்னு எங்க வேணா கிடைக்கும். கல்லீரல்ல கட்டி இருக்கா, வயித்துல தண்ணி கோத்திருக்கான்னு சொல்லும், குடல் குடலுக்குள்ள செருகிக்கிட்டா வட்டத்துக்குள்ள வட்டமா தெரியும், நல்ல கை இருந்தா புடிச்சிடுவாங்க. ஆனா குடல்ல காத்து இருக்கு, காத்து அல்ட்ராசவுண்டுக்கு ஆகாது, சின்ன கட்டியெல்லாம் அதுக்கு பின்னாடி ஒளிஞ்சிக்கும். மெலனோமா ஹிஸ்டரி உள்ளவருக்கு "அல்ட்ராசவுண்ட் நார்மல்"னு வந்தா நிம்மதியா வீட்டுக்கு போகாதீங்க, நான் வருத்தத்தோட சொல்றேன், நிறைய நாள் இங்கதான் வீணாகுது.

இப்ப சிடி. இதுலதான் ஒரே பேர்ல ரெண்டு மூணு விதம் இருக்கு, காசு கட்டறதுக்கு முன்னாடி எது எடுக்கப்போறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். ப்ளெயின் சிடின்னா ஊசி மருந்து இல்லாம எடுக்கறது, அது கிட்னி கல்லுக்கு சரி, இந்த விஷயத்துக்கு கிட்டத்தட்ட உபயோகமில்ல. கான்ட்ராஸ்ட் சிடின்னா ரத்தக்குழாய்ல அயோடின் மருந்து போட்டு எடுக்கறது, மெலனோமா கட்டிக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கறதால அது பளிச்சுனு தெரியும். மூணாவது சிடி என்டரோகிராபி, இதுதான் நான் சொல்ற "குடலுக்குன்னு தயார் பண்ணி எடுக்கறது". ஸ்கேனுக்கு முன்னாடி முக்கால் மணி நேரத்துலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஒன்றரை ரெண்டு லிட்டர் மானிட்டாலோ பாலிஎதிலீன் கிளைகாலோ கலந்த தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வெப்போம், அப்ப சுருங்கி கிடக்கற சிறுகுடல் விரிஞ்சு குடுக்கும், சுவர்ல ஒரு சின்ன முண்டு இருந்தா கூட தெரியும். சுருங்கின குடல்ல கட்டி எது மடிப்பு எதுன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. வெள்ளையா தெரியற வாய்வழி மருந்து குடுத்து எடுக்கற பழைய முறையும் உண்டு, அந்த வெள்ளைல கட்டியோட பளிச்சு அமுங்கிப் போயிடும், ரத்தக்கசிவும் தெரியாது, அதனால இந்த வேலைக்கு நிறமில்லாத தண்ணி மாதிரி மருந்துதான் சரி. சிலருக்கு குடிச்சதும் பேதி ஆகும், பயப்பட வேணாம், பாத்ரூம் பக்கத்துல இருக்கற சென்டரா பாத்துக்கங்க, பெரியவங்களுக்கு மாத்து வேட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க.

சிடில மெலனோமா பல வேஷத்துல வரும். குடலுக்குள்ள தொங்கற பாலிப் மாதிரி, சுவர்ல உருண்டை உருண்டையா, நடுவுல குழி விழுந்த பெரிய கட்டியா, குடலுக்கு வெளிப்பக்கமா வளர்ற கட்டியா. அந்த காலத்து பேரியம் எக்ஸ்ரேல உருண்டைக்கு நடுவுல புண்ணு இருந்தா வட்டத்துக்கு நடுவுல பொட்டு வெச்சது போல தெரியும், அதுக்குன்னே தனி பேர் வெச்சிருந்தாங்க, இப்ப பேரியம் இதுக்கு அதிகமா யாரும் எடுக்கறதில்ல. பெரியவங்களுக்கு குடல் செருகல், அதாவது சட்டைக் கைய மடிச்சு விடற மாதிரி குடல் ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள போறது, சிடில தெரிஞ்சா பெரும்பாலும் உள்ள ஒரு கட்டிதான் இழுத்துட்டு போயிருக்கும், கால்ல மெலனோமா எடுத்தவருக்கு அது வந்தா முதல் சந்தேகம் எது மேலன்னு சொல்லவே வேணாம்.

ஆனா சிடியும் எல்லாத்தையும் புடிக்காது, சிறுகுடல் மெலனோமாவ சாதாரண சிடி 60 லேருந்து 70 சதவீதம்தான் புடிக்குதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. என்டரோகிராபியா எடுத்தா இன்னும் நல்லா இருக்கும், இருந்தாலும் சிடி நார்மல்னு வந்தும் ரத்தம் இறங்கிட்டே போனா தேடறத நிறுத்தக் கூடாது. ரேடியேஷன் வயித்து சிடிக்கு சுமாரா 10 மில்லிசீவர்ட், இயற்கையிலயே நமக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு வந்துட்டு இருக்கு, பரவின கேன்சரான்னு சந்தேகப்படற இடத்துல இந்த ரேடியேஷன நினைச்சு சிடிய தள்ளிப்போடறது தேவையில்லாதது. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற க்ரியாட்டினின் ரிப்போர்ட் மட்டும் கைல வெச்சுக்கங்க, கிட்னி பலவீனமா இருந்தா கான்ட்ராஸ்ட் பத்தி டாக்டர் யோசிக்கணும், சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பிடறவங்க அதையும் சொல்லிடுங்க.

சிடியோ வேற எதுவோ, அத விட முக்கியமா நான் நினைக்கறது ஸ்கேனுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கற ரிக்வெஸ்ட் சீட்டு. வயித்துவலின்னு ஒரே வார்த்தை எழுதின சீட்டோட எங்க கிட்ட வர்றவங்க எத்தனையோ பேர். ரேடியாலஜிஸ்ட் படத்த பாத்து சிறுகுடல்ல சுவர் தடிச்சிருக்கு, நிணநீர் கட்டி இருக்குன்னா நம்ம நாட்டுல முதல்ல மனசுல வர்றது குடல் டிபி, அடுத்து லிம்போமாங்கற நிணநீர் கேன்சர், ஜிஸ்ட்ங்கற குடல் சுவர்லயே வர்ற ஒரு வகை கட்டி. அது தப்பும் இல்ல, இங்க டிபி அவ்ளோ சகஜம். ஆனா "மூணு வருஷம் முன்னாடி இடது உள்ளங்கால்ல மெலனோமா எடுத்தது, இப்ப ரத்தசோகை, கருப்பு மலம், குடல் பரவல் இருக்கான்னு பாக்கவும்"னு ஒரு வரி இருந்தா அதே படத்த அவர் பாக்கற விதமே மாறிடும், சிறுகுடல ஒவ்வொரு மடிப்பா தேடுவாரு. டாக்டர் எழுதலைன்னா நீங்க கேட்டு எழுத வைங்க, அதுவும் முடியலைன்னா பழைய பயாப்சி ரிப்போர்ட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்து சீட்டோட பின் பண்ணி குடுங்க. காசு செலவில்லாத விஷயம், ஆனா ஸ்கேனோட மதிப்ப இத விட அதிகமா கூட்டறது வேற ஒண்ணும் இல்ல.

பெட் சிடிக்கு வருவோம். எஃப்டிஜின்னு சர்க்கரை மாதிரி ஒரு மருந்துல ஃப்ளோரின் 18 சேத்து நரம்புல போடுவாங்க, மெலனோமா செல்லு சர்க்கரைய ரொம்ப இழுக்கும், அதனால ஒரு மணி நேரம் கழிச்சு படம் எடுத்தா பரவின இடமெல்லாம் எரியற மாதிரி தெரியும். தலைலேருந்து கால் வரைக்கும் ஒரே தடவைல எலும்பு, நுரையீரல், நிணநீர் கட்டி, தோலுக்கு அடியில இருக்கற முண்டுன்னு யாரும் நினைச்சே பாக்காத இடத்துல கூட காட்டிக்குடுக்கும், இந்த பலம் சிடிக்கு கிடையாது. ஆபரேஷன் பண்ணி குடல் கட்டிய எடுக்கலாமான்னு யோசிக்கறப்ப பெட் இல்லாம முடிவு பண்ணக்கூடாதுங்கறது என் அபிப்பிராயம், ஏன்னா ஒரே ஒரு இடத்துல மட்டும் பரவியிருந்தா வெட்டி எடுக்கறதுல நல்ல பலன் இருக்கு, பத்து இடத்துல இருந்தா வயித்த கிழிச்சு பிரயோஜனம் குறைவு, மருந்து வழிதான் சரி. ஆரம்ப நிலை மெலனோமாவுக்கு, அதாவது கால்ல மட்டும் இருந்து நெறிகட்டி கூட இல்லாத நிலைல, பெட்டால பெரிய லாபம் இல்ல, அங்க அது வீண் செலவு.

குடல் விஷயத்துல பெட்டுக்கு ஒரு சிக்கல் இருக்கு, குடல் சாதாரணமாவே சர்க்கரைய கொஞ்சம் இழுக்கும். மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கு குடல் பூரா நீளமா எரியும், அதுக்குள்ள ஒரு சின்ன கட்டி இருந்தா தனியா தெரியவே தெரியாது. நம்ம பக்கம் அம்பது தாண்டினவங்கள்ல சுகர் இல்லாத வீடு எது, அதனால இது சும்மா சொல்லிட்டு போற விஷயம் இல்ல. டாக்டர் கிட்ட கேட்டு 48 மணி நேரம் முன்னாடி மெட்ஃபார்மின நிறுத்தணும், அதுக்கு பதிலா சுகர எப்படி பாத்துக்கறதுன்னும் அவர்கிட்டயே கேட்டுக்கணும், நீங்களா நிறுத்தாதீங்க. ரத்தத்துல சுகர் 200க்கு மேல இருந்தா பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவாங்க, தர்மபுரிலேருந்து விடிகாலைல கெளம்பி போய் திரும்பி வர்றது எவ்ளோ கொடுமை. ஒரு சென்டிமீட்டருக்கு குறைஞ்ச கட்டியையும் பெட் விட்டுடலாம், இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டி கேன்சர எதிர்க்கற மருந்து, போயிட்டிருக்கறவங்களுக்கு மருந்தாலயே குடல் அழற்சி வந்து எரியறத கேன்சர்னு நினைச்சுக்கற வாய்ப்பும் உண்டு. அப்புறம் மூளை, அது எப்பவுமே சர்க்கரைய நிறைய இழுக்கற இடம், அங்க பரவல் இருக்கான்னு பெட்ட நம்பி சொல்ல முடியாது.

இன்னொண்ணு, பல கேன்சருக்கு பெட்ட மண்டை ஓட்டு அடிலேருந்து தொடை வரைக்கும்தான் எடுப்பாங்க. கால்ல ஆரம்பிச்ச மெலனோமாவுக்கு உச்சந்தலைலேருந்து பாதம் வரைக்கும் எடுக்கணும், புக் பண்றப்பவே கேட்டு உறுதி பண்ணிக்கங்க, எடுத்து முடிச்சப்புறம் கேட்டா மறுபடியும் ஊசி, மறுபடியும் காசு.

போற வழியும் கணக்குல வருது. தர்மபுரிலேருந்து சேலம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், தொப்பூர் கணவாய்ல லாரி ஏதும் கவுந்து கிடக்காம இருந்தா. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம்னா பெங்களூரு கிட்ட, ஆனா அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி ட்ராஃபிக்ல மாட்டினா அவ்ளோதான். ஏன் இத சொல்றேன்னா ஃப்ளோரின் 18 ஓட பாதி ஆயுசு 110 நிமிஷம், ரெண்டு மணி நேரம் லேட்டா போனா உங்களுக்குன்னு எடுத்து வெச்ச மருந்துல பாதிக்கும் கீழதான் மிச்சம் இருக்கும். நாலு லேருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு, பச்சைத்தண்ணி குடிக்கலாம், முந்தின நாள் மண்வெட்டி புடிக்கறது, மூட்டை தூக்கறது வேணாம், வேலை செஞ்ச தசை எல்லாம் சர்க்கரைய இழுத்து படத்த கெடுத்துடும். எடுத்துட்டு வர்றப்ப கொஞ்ச மணி நேரத்துக்கு கைக்குழந்தை, கர்ப்பமா இருக்கறவங்க பக்கத்துல ஒட்டி உக்காராம இருக்கணும், பஸ்ல வர்றவங்க இத யோசிச்சு சீட் பாத்துக்கங்க.

எம்ஆர்ஐக்கு இதுல ரெண்டு இடத்துல அசைக்க முடியாத வேலை இருக்கு, மூளையும் கல்லீரலும். மெலனோமா மூளைக்கு போறது ரொம்ப சகஜம், குடல்ல பரவல்னு உறுதியானவருக்கு மூளை எம்ஆர்ஐ எடுக்காம சிகிச்சை ஆரம்பிக்கறத நான் ஏத்துக்க மாட்டேன், தலைவலி இல்லைனாலும் எடுக்கணும். கல்லீரல்ல சின்ன சின்ன புள்ளி எது பரவல், எது சாதா நீர்க்கட்டின்னு பிரிக்கறதுலயும் எம்ஆர்ஐ கெட்டி. மெலனோமால இருக்கற கருப்பு நிறமி காந்தத்துக்கு ஒரு தனி விதமா பதில் குடுக்கறதால எம்ஆர்ஐல டி1ங்கற ஒரு வகை படத்துல வெளுப்பாவும் டி2ங்கற இன்னொரு வகைல கருப்பாவும் தெரியும், ரேடியாலஜிஸ்டுக்கு இது பெரிய துப்பு, ஆனா நிறமி இல்லாத மெலனோமாவும் உண்டு, அதுக்கு இந்த அடையாளம் வராது. குடலுக்குன்னு எம்ஆர் என்டரோகிராபி எடுக்கலாம், ரேடியேஷன் இல்ல, வயசு குறைஞ்சவங்களுக்கு, அடிக்கடி எடுக்க வேண்டியவங்களுக்கு நல்லது, ஆனா அரை மணி நேரத்துக்கு மேல மூச்ச புடிச்சு விட்டு அசையாம படுக்கணும், வலில நெளியற பேஷண்ட்டால முடியாது, படம் கலங்கிடும். பேஸ்மேக்கர் இருந்தா முன்னாடியே சொல்லணும்.

ஸ்கோப்பும் கேப்சூலும் ஸ்கேன் கணக்குல சேராதுன்னு நினைக்காதீங்க, ரத்தம் போறவருக்கு இதுதான் பாதி பதில் சொல்லும். வாய் வழியா கேமரா குழாய் விடற மேல் ஸ்கோப் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் பாக்கும், ஆசனவாய் வழியா விடற கொலோனோஸ்கோப்பி பெருங்குடலையும் சிறுகுடலோட கடைசி கொஞ்சத்தையும் பாக்கும், நடுவுல இருக்கற பல மீட்டர் சிறுகுடல் ரெண்டுக்கும் எட்டாது, மெலனோமாவுக்கு புடிச்ச இடமும் அதுதான். அங்க போறதுக்குத்தான் கேப்சூல், 2001ல அமெரிக்கால அனுமதி கிடைச்ச சின்ன கேமரா, மாத்திரை மாதிரி முழுங்கிட்டா எட்டு மணி நேரத்துக்கு மேல படம் அனுப்பிக்கிட்டே போகும், ஸ்கேன்ல தெரியாத தட்டையான கருப்பு திட்டு கூட இதுல தெரியும். ஆனா குடல் எங்கயாவது ஒடுங்கியிருந்தா அது அங்கயே சிக்கிக்கும், அப்புறம் அத எடுக்கறதுக்கே ஆபரேஷன் ஆயிடலாம், அதனால தான் முதல்ல சிடி பாத்து அடைப்பு இல்லைன்னு தெரிஞ்சப்புறம் கேப்சூல்னு சொல்றது. அது வெளில போற வரைக்கும் எம்ஆர்ஐ ரூமுக்குள்ள போகக்கூடாது. கேப்சூலால சதை எடுக்க முடியாது, அதுக்கு பலூன் உதவியோட சிறுகுடலுக்குள்ள குழாய் விடற பலூன் என்டரோஸ்கோப்பின்னு இருக்கு, பெரிய ஆஸ்பத்திரில தான் கிடைக்கும். எந்த ஸ்கேனும் கடைசி வார்த்தை கிடையாது, சதை எடுத்து மெலனோமாவ அடையாளம் காட்டற எஸ்100, ஹெச்எம்பி45, மெலன் ஏ டெஸ்ட் பண்ணி மெலனோமாதான்னு உறுதி பண்ணணும், பிராஃப் ஜீன் டெஸ்ட்டும் அந்த சதைலதான் பண்ணுவாங்க, எந்த மருந்துன்னு முடிவு பண்றதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு.

சரி, நம்ம பென்னாகரத்துக்காரருக்கு என்ன பண்ணலாம். அவருக்கு திடீர்னு வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்து கூட பிரியலைன்னா யோசனையே வேணாம், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ கிருஷ்ணகிரி பக்கம்னா அங்க இருக்கற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, நேரா எமர்ஜென்சிக்கு போய் அன்னிக்கே சிடி, சர்ஜன் பாக்கணும், இந்த நிலைமைல மானிட்டால் தண்ணியும் குடிக்க வெக்க மாட்டாங்க, பெட்டுக்கு அப்பாயின்ட்மெண்ட் வாங்கிட்டு காத்திருக்கறது உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி அவசரம் இல்லாம ரத்தசோகையும் லேசான வலியும்தான்னா மேல் ஸ்கோப், கொலோனோஸ்கோப்பி, சிடி என்டரோகிராபி மூணையும் இங்கயோ சேலத்துலயோ முடிச்சிடலாம். அதுல ஏதாவது தெரிஞ்சா பெட் சிடியும் மூளை எம்ஆர்ஐயும் எடுத்துக்கிட்டு எல்லா ஸ்கேன் டிஸ்க்கையும் கைல வெச்சுக்கிட்டு கேன்சர் சென்டருக்கு, பெங்களூரு கிட்வாயோ வேலூர் சிஎம்சியோ அடையாறோ, எது உங்களுக்கு தோதோ அங்க போங்க. எதுலயுமே தெரியல, ரத்தம் மட்டும் இறங்குதுன்னா அப்ப கேப்சூல். தொந்தரவே இல்லாம, நெறிகட்டி வரைக்கும் போன மெலனோமாவுக்கு ஃபாலோ அப் மட்டும்னா அங்க நான் பெட்ட முன்னாடி வெப்பேன், ஏன்னா அப்ப எங்க தேடணும்னே தெரியாது, உடம்பு பூரா பாக்கறதுதான் புத்திசாலித்தனம்.

காசு விஷயம் சென்டருக்கு சென்டர் மாறும், பொதுவா கான்ட்ராஸ்ட் சிடி சில ஆயிரம், பெட் பத்தாயிரத்துக்கு மேல, கேப்சூல் அத விட அதிகம். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில இருக்கற காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க, எடுத்துட்டு பில்லோட போனா பெரும்பாலும் நடக்காது. கர்நாடகா பக்கம் போறவங்க கார்டு அங்க செல்லுமான்னு ஃபோன்லயே கேட்டுட்டு பஸ் ஏறுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள், ஃபிலிம் மட்டும் வாங்கிட்டு போகாதீங்க, டைகாம் டிஸ்க், அதாவது ஸ்கேன் படம் எல்லாம் கம்ப்யூட்டர் ஃபைலா இருக்கற டிஸ்க், கேட்டு வாங்குங்க. ஃபிலிம்ல ரேடியாலஜிஸ்ட் பொறுக்கின படம் மட்டும்தான் இருக்கும், டிஸ்க்ல நூத்துக்கணக்குல எல்லா துண்டும் இருக்கும், பெரிய சென்டர்ல அத போட்டு பாத்தா மறுபடி ஸ்கேன் எடுக்கற செலவு மிச்சமாகலாம். சிகிச்சை ஆரம்பிச்சப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கற ஸ்கேன முடிஞ்ச வரைக்கும் அதே இடத்துல, அதே முறைல எடுங்க, ஒரு தடவை சிடி, அடுத்த தடவை பெட்டுன்னு மாத்தி மாத்தி எடுத்தா கட்டி சுருங்குச்சா வளந்துச்சான்னு அளந்து சொல்றது கஷ்டம். இம்யூனோதெரபில முதல் ஸ்கேன்ல கட்டி கொஞ்சம் பெரிசா தெரிஞ்சு அடுத்ததுல சுருங்கறதும் சிலருக்கு நடக்கும், அதனால முதல் ரிப்போர்ட்ட பாத்துட்டு மருந்த நிறுத்தறதா வேணாமாங்கற முடிவ வீட்ல உக்காந்து எடுக்காதீங்க, பழைய டிஸ்க் புது டிஸ்க் ரெண்டையும் எடுத்துட்டு போய் டாக்டர் முன்னாடி வெச்சு கேளுங்க.